ரேடாரா, செயற்கைக்கோளா, மின்னல் செயலியா, மழைமானியா? நீலகிரியில் மழைக்கு எதைப் பார்ப்பது

"குன்னூரில் கொட்டித் தீர்க்கிறது, ரேடார் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லையே, ஏன்?" ஜூலையில் இப்படிக் கேட்பார்கள். ஏப்ரல் வந்தால் கேள்வி தலைகீழாகிவிடும்: "ஊட்டிக்கு மேல் சிவப்பாகக் காட்டுகிறது, இங்கே வெயில் அடிக்கிறதே?"

இரண்டு நாளும் ரேடார் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. நாம் நிற்கும் உயரத்தை அது பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சமவெளியில் சென்னைக்காரர்கள் ரேடார் படத்தைப் பார்த்துக் குடையை எடுப்பதுபோல மலையில் செய்ய முடியாது. தேயிலைக்கு மருந்து அடிக்க ஆள் கூப்பிடலாமா, கேரட்டைப் பிடுங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்றலாமா, இருட்டிய பிறகு பர்லியாறு மலைப்பாதை வழியாக இறங்கலாமா, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்திட்டு இன்றிரவு தாங்குமா: ஒவ்வொரு கேள்விக்கும் வேறு கருவி பதில் சொல்கிறது. எந்தக் கருவி எப்போது என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது பருவம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் உயரம். நம் தலைக்கு மேல் எத்தனை கிலோமீட்டரில் உள்ள மழையை அந்தக் கருவி பார்க்கிறது? மலைக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

அடுத்து, தகவலின் வயது. திரையில் தெரியும் படம் பத்து நிமிடம் பழையதா, முக்கால் மணி நேரம் பழையதா? கோடை இடிமழை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது, எவ்வளவு சிறிய இடத்தைப் பிரித்துக் காட்டும். 2019 ஆகஸ்டில் மேற்கே உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை பதிவானது. அங்கிருந்து குன்னூர் நேர்கோட்டில் 25 கி.மீ.கூட இல்லை; ஆனால் கிழக்குச் சரிவுக்கு அந்த நாட்களில் கிடைத்தது அதில் சிறு பங்குதான். 2009 நவம்பரில் நடந்தது இதற்கு நேர்மாறு: கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "நீலகிரியில் மழை" என்ற ஒற்றை வரி யாருக்கும் போதாது.

கடைசியாக, கரண்டும் டவரும் போன பிறகு அந்தக் கருவி வேலை செய்யுமா என்பது. மோசமான இரவில் முதலில் போவது இவை இரண்டும்தான்.

பருவத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே இடிமழை மேகங்கள் 10 கி.மீ.க்கு மேலும் உயர்ந்து நிற்பவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலான நாட்களில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் பெய்வது, மேற்குக் காற்று மலையில் மோதி ஏறுவதால் உண்டாகும் தாழ்வான மேகங்களின் மழை. அக்டோபர், நவம்பரில் கிழக்கிலிருந்து வந்து குன்னூர், கோத்தகிரிச் சரிவில் முட்டும் மழை இரண்டுக்கும் இடைப்பட்டது.

## கொச்சி ரேடார் படம்

நீலகிரிக்கு எட்டக்கூடிய தூரத்தில் உள்ளது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கொச்சி டாப்ளர் ரேடார். ஊட்டிக்கு நேர்கோட்டில் சுமார் 170 கி.மீ. காரைக்கால் ரேடாருக்கும் குன்னூருக்கும் இடையே 330 கி.மீ.; சென்னை அதைவிடத் தூரம். ரேடார் படம் காட்டும் 250 கி.மீ. வட்டத்துக்கு வெளியே இருப்பதால் அந்தப் படங்களில் நம்மைத் தேட வேண்டாம்.

ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமி அதற்குக் கீழே வளைந்து இறங்குகிறது. மிகக் கீழான கதிரை 0.5 டிகிரி மேல்நோக்கிய சாய்வில் அனுப்பினால், 170 கி.மீ. தாண்டும்போது அதன் மையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3.2 கி.மீ. உயரத்தில் இருக்கும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஆக, நம் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டரில் கதிர் கடக்கிறது. குன்னூருக்கு மேல் இது சுமார் 1.3 கி.மீ.; கூடலூருக்கு மேல் இரண்டு கி.மீ.க்கும் அதிகம். ஒரு டிகிரி அகலமுள்ள கதிர் அந்தத் தூரத்தில் 3 கி.மீ. அகலத்துக்கு விரிந்துவிடும். அதன் அடிப்பகுதியைக் குந்தா, சைலண்ட் வேலி முகடுகள் மறைத்துவிடுகின்றன. கூடலூரில் ஜூலை மாதம் விடாமல் பெய்யும் மழையின் பெரும்பகுதி இந்தக் கதிருக்குக் கீழேயே உருவாகிக் கீழேயே விழுந்துவிடுகிறது. படம் வெறுமையாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஏப்ரல் குழப்பத்துக்குக் காரணம் வேறு. பலரும் திறக்கும் "மேக்ஸ் இசட்" படம், ஒவ்வோர் இடத்துக்கு மேலும் எந்த உயரத்தில் எதிரொலி (மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலை) அதிகமோ அதையே எடுத்துக் காட்டும். 6 கி.மீ. உயரத்தில் தொங்கும் மழை தரைக்கு வராமலே போனாலும் அங்கே சிவப்புத்தான். இதைச் சரிபார்க்கும் வழி அதே படத்தில் இருக்கிறது: மேல் ஓரத்திலும் பக்க ஓரத்திலும் இரண்டு பட்டைகள் உண்டு. அவை செங்குத்து வெட்டுத் தோற்றங்கள். உங்கள் ஊருக்கு நேராக அந்தப் பட்டையில் நிறம் அடிவரை (நம் தூரத்தில் கதிர் போகும் சுமார் 3 கி.மீ. உயரம் வரை) இறங்குகிறதா, நடுவானில் நிற்கிறதா என்று பாருங்கள். நடுவானிலேயே நின்றால் அவசரப்பட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ஒரே கிழக்கு–மேற்குக் கோட்டில் இருக்கும் எல்லா மழையும் பக்கப் பட்டையிலும், ஒரே வடக்கு–தெற்குக் கோட்டில் இருப்பவை மேல் பட்டையிலும் ஒன்றாகக் கலந்து தெரியும். பக்கத்து மாவட்டத்தில் பெரிய மழை இருந்தால் பட்டை உங்களுக்கு உதவாது.

நிறத்துக்கு நிகரான எண்ணை ஓரத்து அளவுப்பட்டையில் படித்துக்கொள்ளலாம். அந்த எண் எதிரொலியின் வலிமை; அதன் அலகு டிபிஇசட். பொதுவான கணக்கில் 30 டிபிஇசட் என்றால் மணிக்கு 2.7 மி.மீ.; 40 என்றால் சுமார் 11.5, 50 என்றால் 50-ஐ நெருங்கும். நம் தூரத்தில் இவற்றை "லேசு, கனம், மிகக் கனம்" என்ற அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் மூன்றே. படத்தில் உள்ள நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதனுடன் 5 மணி 30 நிமிடம் கூட்டினால்தான் நம் நேரம். இரண்டாவது, பராமரிப்புக்காக ரேடார் நின்றிருந்தாலும் பழைய படம் பக்கத்தில் அப்படியே கிடக்கும். தேதியைப் பார்க்காமல் நிறத்தைப் பார்க்கக் கூடாது. மூன்றாவது, மலையே எதிரொலிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும் ஒரு ஜனவரிக் காலையில் படத்தைத் திறந்து, அப்போதும் அசையாமல் நிற்கும் புள்ளிகளைக் குறித்து வையுங்கள். மழைநாளிலும் அந்தப் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மழை எப்போது வந்து சேரும் என்று கணக்கிட, 20 நிமிட இடைவெளியில் இரண்டு படம் வேண்டும். மழைத்திரள் 10 கி.மீ. நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 30 கி.மீ.; 30 கி.மீ. தள்ளி இருந்தால் ஒரு மணி நேரம் இருக்கிறது. சமவெளியில் இந்தக் கணக்கு நன்றாக நிற்கும். மலையில் மழை நகர்ந்து வருவதோடு முகட்டின் மேலேயே பிறக்கவும் செய்யும். ஏப்ரல் பிற்பகலில் அரை மணிக்குள் ஒரு மேகம் முளைத்துப் பெருத்துக் கொட்டிவிடும். கணக்குப் பொய்த்தால் அதுதான் காரணம்.

எப்போது சிறந்தது: ஏப்ரல், மே, அடுத்தபடியாக அக்டோபர், நவம்பர். எப்போது வேண்டாம்: தென்மேற்குப் பருவத்தில் "படத்தில் மழை இல்லை" என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

## செயற்கைக்கோள் படம்

இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகிய இரண்டும் அரை மணிக்கு ஒருமுறை படம் எடுக்கின்றன. மேலே இருந்து பார்ப்பதால் மலை மறைக்காது. கூடலூரும் கோத்தகிரியும் ஒரே தெளிவில் தெரியும். ரேடாருக்கு இல்லாத பெரிய பலம் இது.

ஆனால் அது பார்ப்பது மேகத்தின் தலையை. அகச்சிவப்புப் படத்தில் வெள்ளை என்றால் மேகத்தின் உச்சி குளிர்ந்து உயரத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஜூலையின் தாழ்வான மேகம் வெளிறிய சாம்பலாகத் தெரியும். அதன் அடியில் பலத்த மழை பெய்துகொண்டிருக்கலாம். கோடையில் இதற்கு எதிர்மாறு: இடிமேகத்தின் உச்சி குடைபோல விரிந்து மூன்று தாலுகாவை மூடும்; மழை விழுவது அதில் ஒரு மூலையில். பகல் நேரத்தில் ஒளிப்படத்தையும் (கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படம்) சேர்த்துப் பாருங்கள். அகச்சிவப்பில் ஒரு புள்ளி 4 கி.மீ., ஒளிப்படத்தில் 1 கி.மீ. ஒளிப்படத்தில் காலிஃபிளவர்போல முண்டும் முடிச்சுமாகத் தெரிவது வளர்கிற மேகம். வழவழப்பாக விரிந்து கிடப்பது ஓய்ந்துகொண்டிருக்கும் மேகம்.

மறைமுகச் செலவு தாமதம். ஒரு படத்தை எடுத்து முடிக்கவே கிட்டத்தட்ட அரை மணி. அது இணையத்துக்கு வந்து சேர இன்னும் நேரம். கோடை இடிமழைக்கு இது காலம் கடந்த தகவல். கிழக்கே வங்கக் கடலிலிருந்து வரும் பெரிய மேகக் கூட்டத்தை ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் முன்பே பார்க்க இதைவிட நல்லது கிடையாது. நவம்பரில் லோடு ஏற்றுபவர்கள் முந்தைய இரவே பார்க்க வேண்டியது இது.

## மின்னல் செயலி

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் "தாமினி" செயலி, கடந்த 5, 10, 15 நிமிடங்களில் மின்னல் விழுந்த இடங்களைக் காட்டும். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டத்தில் எச்சரிக்கும். மலை இதற்குத் தடையில்லை. கோடையில் இலை பறிக்கும் ஆட்களை வெட்டவெளியிலிருந்தும் தனியாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியிலிருந்தும் நகர்த்த வேறு எந்தக் கருவியும் இவ்வளவு வேகமாகச் சொல்லாது.

மின்னல் இல்லாத மழை இதற்குத் தெரியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலான நாட்களில் இது வெறும் வெள்ளைத் திரை. சிக்னல் இல்லாத எஸ்டேட் மடுவில் பழைய முறையே துணை: மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே உள்ள வினாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர்.

## போன் முன்னறிவிப்பும் அரசு எச்சரிக்கையும்

போனில் வரும் "மாலை 4 மணி, 60 சதவீதம்" என்பது கணினி மாதிரியின் கணக்கு. மாதிரி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும்; உலகளாவிய மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டம் சுமார் 9 முதல் 13 கி.மீ. அகலம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 16 கி.மீ.; உயர வித்தியாசம் 1,500 மீட்டர். அந்த வித்தியாசத்தை மாதிரி வழித்துச் சமனாக்கி ஒரு சாய்தளமாகப் பார்க்கிறது. மேற்குச் சரிவு, கிழக்குச் சரிவு என்ற நம் வேறுபாட்டில் பாதி அதற்குப் புரியாது. இரண்டு நாள், மூன்று நாள் போக்கைத் தெரிந்துகொள்ளப் போதும். இன்று மாலை 4 மணிக்கு என்றால் போதாது.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பல செயலிகளில் "ரேடார்" என்ற பெயரில் ஓடும் நிறப்படம், ரேடார் எட்டாத இடங்களில் மாதிரிக் கணிப்போ செயற்கைக்கோள் மதிப்பீடோதான். "அடுத்த ஆறு மணி நேர ரேடார்" என்று எதையாவது கண்டால் அது ரேடாரே அல்ல. நடக்காத மழையை எந்த ரேடாராலும் பார்க்க முடியாது.

வானிலைத் துறையின் மூன்று மணி நேர உடனடி எச்சரிக்கை, பயிற்சி பெற்றவர்கள் ரேடார், செயற்கைக்கோள், மின்னல் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துக் கொடுப்பது. குறை, அது மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. சரிவுகளுக்கு மட்டும் நீலகிரிக்கென்றே ஒரு வசதி இருக்கிறது: இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு முன்னறிவிப்பைத் தொடங்கிய முதல் மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. "பூஸ்கலன்" செயலியில் அதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் தினமும் திறக்க வேண்டியது இது. இங்கே பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

## வீட்டு மழைமானி

மேலே சொன்ன எல்லாமே தூரத்திலிருந்து ஊகிப்பவை. உங்கள் சரிவில் விழுந்த மழையை அளப்பது மழைமானி மட்டும்தான். இனி வரும் மழையை அது சொல்லாது என்பது உண்மை. ஆனால் மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பதை அது மட்டுமே சொல்லும். மண்சரிவுக்கு அதுதான் முக்கியக் கேள்வி.

விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. வாய் விட்டம் 16 செ.மீ. உள்ள புனல் ஒன்று, அதன் கீழ் 5 லிட்டர் கேன், மில்லிலிட்டர் கோடு போட்ட குடுவை. அந்தப் புனலின் வாய்ப்பரப்பு சுமார் 200 சதுர செ.மீ.; கேனில் சேரும் ஒவ்வொரு 20 மி.லி.யும் 1 மி.மீ. மழை. 740 மி.லி. இருந்தால் 37 மி.மீ. சின்னத் தண்ணீர் பாட்டிலை வைத்து ஏமாறாதீர்கள்: 2 லிட்டர் பாட்டில் 100 மி.மீ.யில் நிரம்பி வழியும், நமக்குத் தெரிய வேண்டிய இரவுகளில் அதற்கு மேல்தான் பெய்யும். 5 லிட்டர் கேனையும் ஒரு வாளிக்குள் நிறுத்தி, இடைவெளியை மூடிவிட்டால் வழிந்ததும் வாளியில் நிற்கும். இரண்டையும் சேர்த்து அளக்கலாம்.

புனலின் விளிம்பு மட்டமாக, தரையிலிருந்து குறைந்தது 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் உள்ள மரம், சுவர் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். மரத்தடி ஆகவே ஆகாது. மிஸ்ட் இறங்கிய இரவில் கற்பூர மர இலைகள் மேகத்தைப் பிடித்துச் சொட்டும். வானம் ஒரு துளி போடாமலே கேனில் தண்ணீர் சேர்ந்திருக்கும். காற்று அறையும் முகட்டில் வைத்தால் இதற்கு மாறாகக் குறைத்துக் காட்டும். புனல் கழுத்தில் கம்பிவலை வேண்டும். ஒரு சில்வர் ஓக் இலை அடைத்தால் போதும், அன்றைய கணக்குப் போச்சு. காட்டெருமை வந்து போகும் இடமென்றால் மூன்று கல்லுக்கு நடுவே வாளியைப் பதித்துவிடுங்கள்.

தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். செய்தித்தாளில் வரும் அளவும் அதே நேரத்துக்கு முடியும் 24 மணி நேரக் கணக்கு என்பதால் ஒப்பிட முடியும். 64.5 மி.மீ. தாண்டினால் வானிலைத் துறை வழக்கில் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதிகனமழை. ஒருநாள் அளவோடு முந்தைய மூன்று நாள், ஏழு நாள் கூட்டுத் தொகையையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஊறிய மண்ணின் மேல் விழும் 60 மி.மீ.யும் காய்ந்த மண்ணின் மேல் விழும் 60 மி.மீ.யும் ஒன்றல்ல.

தானாகப் பதியும் சாய்கிண்ண மழைமானி (சிறு கிண்ணம் நிறைந்து கவிழும் ஒவ்வொரு முறையையும் எண்ணுவது) சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். இரவில் எந்த மணியில் எவ்வளவு பெய்தது என்று தெரிவது அதன் லாபம். கொட்டும் மழையில் கிண்ணம் கவிழும் இடைவெளியில் தண்ணீர் தப்பிப் போவதால் குறைத்துக் காட்டும். சிலந்தி கூடு கட்டினால் நின்றே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள்: வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ., ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்றால், 100 மி.லி. தண்ணீரை 20 நிமிடத்தில் மெல்ல ஊற்றும்போது 25 முறை கவிழ வேண்டும். அதை வாங்கினாலும் கேனை எடுத்துவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| கருவி | பார்க்கும் உயரம் | தகவலின் வயது | பயன்படும் காலம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| கொச்சி ரேடார் | ஊட்டிக்கு மேல் 1 கி.மீ., கூடலூருக்கு மேல் 2 கி.மீ.க்கு அதிகம் | 10–20 நிமிடம் | ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் | தாழ்வான மழை தெரியாது |
| செயற்கைக்கோள் | மேகத்தின் உச்சி | அரை மணிக்கு மேல் | அக்டோபர்–டிசம்பர் | தாமதம் |
| மின்னல் செயலி | மின்னல் விழும் இடம் | சில நிமிடம் | ஏப்ரல்–மே | மின்னலில்லா மழைக்கு ஊமை |
| போன் முன்னறிவிப்பு | கணக்கீடு மட்டும் | சில மணி நேரம் | 2–3 நாள் திட்டம் | சரிவு வித்தியாசம் தெரியாது |
| மழைமானி | தரை | உடனுக்குடன் | எல்லாப் பருவமும் | தினசரி உழைப்பு. வரும் மழையைச் சொல்லாது |

## யாருக்கு எது

மருந்து அடிப்பவர்கள். தேயிலையில் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்து இலையில் காய்ந்து ஒட்டச் சில மணி நேரம் வேண்டும். கோடையில் காலை 11 மணிக்கு ஒளிப்படம், அதன்பின் ரேடார், தாமினி. ஜூலையில் இவை மூன்றையும் மூடிவிட்டு, மழைமானிக் குறிப்பில் கடந்த ஒரு வாரம் எந்த நேரத்தில் இடைவெளி கிடைத்தது என்று பாருங்கள். தென்மேற்குப் பருவத்தின் நடை ஒரே மாதிரி சில நாட்கள் தொடரும். நேற்றைய இடைவெளி இன்றைக்கும் ஓரளவு பொருந்தும். இதற்குத் தானாகப் பதியும் மானி காசுக்குத் தகும்.

லோடு ஏற்றுபவர்கள், டாக்சி, பள்ளி வேன் ஓட்டுபவர்கள். இரவில் செயற்கைக்கோள், கிளம்பும் முன் மூன்று மணி நேர எச்சரிக்கை. ரேடாரில் மேட்டுப்பாளையம் பக்கம் நிறம் தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் பாதை காய்ந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் கதிர் 3 கி.மீ. உயரத்தில்தான் போகிறது.

கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர்க்காரர்கள். கொச்சியிலிருந்து 140 கி.மீ.தானே, நமக்கு இன்னும் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். தெரியாது. கொச்சியிலிருந்து பார்த்தால் ஆனைமுடியும் கொடைக்கானலும் ஏறக்குறைய ஒரே திசை. 90 கி.மீ. தூரத்தில் கீழ்க்கதிர் 1.3 கி.மீ. உயரத்தில் போகும்போது 2,695 மீட்டர் மலை குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்ட 2 டிகிரி சாய்வு வேண்டும். அந்தக் கதிர் கொடைக்கானலுக்கு வரும்போது கடல்மட்டத்திலிருந்து 6 கி.மீ.யை நெருங்கிவிடும். பழனி மலைக்கு ரேடார் கோடை இடிமழைக்கு மட்டும். மற்ற காலத்துக்கு செயற்கைக்கோளும் மழைமானியும்தான்.

சரிவின் கீழ் வீடு உள்ளவர்கள். உங்களுக்கு மழைமானி முதலில், மற்றதெல்லாம் பிறகு. கனமழை எச்சரிக்கை வந்த இரவில் டார்ச்சும் குடுவையும் வாசலிலேயே இருக்கட்டும். மணிக்கொரு முறை கேனை அளந்து நேரத்தோடு எழுதுங்கள். மழை ஓயாமல் அளவு மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனாலோ, சுவரில் புது விரிசல் கண்டாலோ, மண்திட்டிலிருந்து வரும் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, ரேடார் படத்தைத் திறந்து உறுதி செய்துகொண்டிருக்காமல் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளியேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. டவர் போவதற்கு முன்பே அழைத்துவிடுங்கள்.